எடை பார்த்து இறக்கும் ஆறு

இரத்தினபுரி மண்ணில் நீலக்கல் கிடைப்பதற்கும், வைகாசி மழைக்குப் பிறகு களுத்துறைக் கடல் செம்பழுப்பாகக் கலங்குவதற்கும் காரணம் ஒன்றுதான். ஆறு தான் சுமந்து வருவதை எடை பார்த்து இறக்குகிறது. கனத்ததை மலையடிவாரத்திலேயே இறக்கிவிடும். அதைவிட இலேசானதை வழியிலும் கரையிலும் போடும். எடையே இல்லாததுபோல் இருப்பதை மட்டும் கடலுக்குள் கொண்டுபோய் விடும்.

குருவிட்ட, நிவித்திகலை, பெல்மதுளைப் பக்கம் போனால் வயலுக்கு நடுவே மாணிக்கக்கல் குழிகளைக் காணலாம். மரச்சட்டம் அடித்து, இடுக்குகளில் பன்னம் திணித்து, கரை சரியாமல் காத்த குழிகள். மேல்மண்ணும் களியும் கழிந்த பிறகு அடியில் ஒரு சரளைப் படுகை வரும். அகழ்வுக்காரர் அதை ‘இல்லம்’ என்பார்கள். அதை வாளி வாளியாக மேலே இழுத்து, மூங்கிற் கூடையில் அள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சுழற்றுகிறார்கள். முதல் சுற்றில் சேறு கலங்கி வழியும். அடுத்து மணல் விளிம்பைத் தாண்டும். கடைசியில் கூடையின் அடியில் கறுத்த கனக்கற்கள் மிஞ்சும். அதிர்ஷ்டம் இருந்தால் அவற்றுக்கு நடுவே ஒரு நீலம் இருக்கும்.

கூடைக்காரர் செய்வது, ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்து வைத்த வேலையின் மீதியைத்தான். சாதாரண மணலின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. நீலக்கல்லின் அடர்த்தி 4 மடங்கு. தண்ணீருக்குள் மிதப்பு கழிந்துபோவதால், அதே அளவு மணலைப்போல் கிட்டத்தட்ட இரட்டிப்பு எடையாகிவிடுகிறது கல். மலையில் பாறை உடைந்து உருண்டபோது மணலோடு மணலாக வந்த கல், வெள்ளத்தின் வேகம் தளர்ந்த இடத்தில் மணலுக்கு முன்னே தரைதட்டியது. சுளகில் புடைக்கும்போது நெல் தங்கி உமி பறப்பதற்கும் இதற்கும் விதி ஒன்றே. களு கங்கை என்ற அந்தச் சுளகின் நீளம்தான் 129 கிலோமீற்றர்.

களு கங்கை சிவனொளிபாதமலையின் சரிவில் பிறக்கிறது. 2,243 மீற்றர் உயரமான மலை. சைவர் சிவனின் பாதம் என்றும், பௌத்தர் புத்தரின் பாதம் என்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்றும், கிறிஸ்தவரில் சிலர் புனித தோமையாரின் பாதம் என்றும் போற்றும் இடம். இத்தனை பேரும் ஏறிப் போகும் மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வருகிற விதத்தை யாராவது நின்று பார்த்திருப்பார்களா என்று நான் நினைத்ததுண்டு. மலையிலிருந்து இரத்தினபுரி நகர் வரை செங்குத்தான இறக்கம். நகரோ கடல்மட்டத்துக்குச் சில பத்து மீற்றர் மேலேதான் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு இன்னும் பாதிக்கு மேற்பட்ட தூரம், ஏறக்குறையச் சமதரையில். பாய்ந்து வந்த ஆறு அங்கே மூச்சு வாங்குகிறது. இரத்தினபுரிக்கு ஓயாத வெள்ளமும் தீராத மாணிக்கமும் வாய்த்தது இந்த ஒரே தரையமைப்பால்தான். வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் கூடுதலாகப் பெய்யும் மழை இதற்குத் துணை. சுமார் 400 கோடி கன மீற்றர் தண்ணீர் ஆண்டுதோறும் களுத்துறையில் கடல் சேர்கிறது என்பது நீண்டகாலக் கணக்கு. பக்கத்து ஆறான களனியின் மேற்கிளைகளில் காசல்றி, மவுசாக்கலை போன்ற அணைகள் குறுக்கே நின்று வண்டலில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. களு கங்கையின் தாய் ஆற்றில் அப்படிப் பெரிய அணை இல்லை. மலை கொடுத்ததை ஆறு அப்படியே கொண்டுபோகிறது.

இந்தத் தரம்பிரிப்பைச் சின்ன அளவில் பார்க்க வேண்டுமானால் தேயிலை மலையில் கானைப் பார்க்கலாம். சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான் நேராக ஓடிவிடாமல், இடைக்கிடை குழியும் குழிகளுக்கு நடுவே மண்வரம்புமாக இருக்கும். மழைத்தண்ணீர் குழியில் தங்கி, சுமந்த மண்ணைப் போட்டுவிட்டு, வரம்புக்கு மேலால் வழியும். மழை விட்ட பிறகு குழியின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கினால் அடுக்குகள் தெரியும். அடியில் குறுணிக்கல், அதன்மேல் கரகரவென்ற மணல், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விரல் தடிமனுக்கு வழுவழுப்பான சேறு. இரண்டு நாள் வெயில் பட்டால் அந்தச் சேறு வெடித்து, ஓடு ஓடாகச் சுருண்டு நிற்கும். கான் வெட்டும் பெரியவரிடம், “குழி நிறைய மண் புடிச்சிருக்கே ஐயா” என்று சொல்லிப் பாருங்கள். “புடிச்சதப் பாக்காதீங்க தம்பி, போனதப் பாருங்க. தண்ணி இன்னும் செவப்பாத்தானே போவுது” என்பார்.

அந்தச் சிவப்பு எங்கே போகிறது, எப்போது அடங்குகிறது என்பதற்கு விடை தருவது 1851இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் கண்ட விதி. தண்ணீரில் விழும் நுண்துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார் அவர். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. இதைப் பத்து மீற்றர் ஆழக் கடலில் வைத்துப் பாருங்கள். 0.2 மில்லிமீற்றர் மணல், ஸ்டோக்ஸின் விதிக்குச் சற்றுப் பெரிதானாலும், ஏழெட்டு நிமிடத்தில் அடி சேர்ந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கான வண்டலுக்கு ஏழெட்டு மணி நேரம் வேண்டும். 0.002 மில்லிமீற்றர் களித்துகள் நாளொன்றுக்கு முப்பது சென்ரிமீற்றர்தான் இறங்கும். அடி சேர ஒரு மாதம். அதுவும் கடல் அசையாமல் இருந்தால். ஆனி, ஆடியில் மேல்கரைக் கடல் எந்த நாள் அசையாமல் இருந்திருக்கிறது?

அப்படியானால் இத்தனை யுகமாக மலைகள் அனுப்பிய களி முழுவதும் கடலில் கலங்கியே நின்றிருக்க வேண்டும். உலகின் கரையோரங்கள் எல்லாம் இருண்டு, வெளிச்சம் புகாமல், பவளமும் பாசியும் வாழ வழியில்லாமல் போயிருக்க வேண்டும். அப்படி ஆகாததற்குக் காரணம் உப்பு. களித்துகள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் எதிர்மின்னேற்றம் உண்டு. நன்னீரில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே திரியும். ஆற்றுநீரோடு கொஞ்சம் கடல்நீர் கலந்ததும் உப்பின் அயனிகள் அந்தத் தள்ளுதலைத் தணித்துவிடும். துகள்கள் ஒட்டத் தொடங்கும். ஆயிரக்கணக்கான துகள்கள் சேர்ந்து பஞ்சுத் திரள்களாகி, நாட்கணக்கில் விழ வேண்டியவை மணிக்கணக்கில் விழும். முழுக்கடலின் உப்பு இதற்குத் தேவையில்லை, முகத்துவாரத்து உவர்நீரே போதும். மலைக்கும் கடலுக்கும் எல்லை எங்கே இருக்கிறதோ அங்கேயே களிக்கு ஒரு தடை வைத்திருக்கிறது படைப்பு. அந்தத் தடைக்கு மதிலும் இல்லை, மதகும் இல்லை. நாம் கறியில் போடும் பொருள்தான் அந்த வேலையைச் செய்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து முகத்துவாரம் என்ற இடத்தை நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஆற்றுநீர் கடலுக்குள் போன பிறகும் உடனே கரைந்துவிடுவதில்லை. கடல்நீர் கன மீற்றருக்கு 1,025 கிலோ, நன்னீர் 1,000 கிலோ. லீற்றருக்கு ஒரு கிராம் சேறு சுமந்த வெள்ளம்கூடக் கடல்நீரைவிட இலேசானதே. அது மூழ்க வேண்டுமானால் லீற்றருக்கு நாற்பது கிராம் அளவில் சேறு வேண்டும். ஆகவே கலங்கல் மேலே ஒரு மெல்லிய படலமாக விரிகிறது. அடியில் தெளிந்த உப்புநீர் இருக்க, மேலே சபரகமுவ மாகாணமே மிதக்கிறது. பூமியின் சுழற்சி நம் பக்கத்தில் ஓடும் நீரை வலப்புறம் திருப்பும். மேற்கு நோக்கி வெளியேறும் களு கங்கைக்கு வலப்புறம் வடக்கு, அதாவது பாணந்துறைத் திசை. ஆனால் பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகே அந்தத் திருப்பம் பலவீனமானது. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தீர்மானிக்கும் நாட்களே அதிகம்.

இப்போது மனிதன் இதைக் கணக்கில் பிடிக்கப் பார்க்கிறான். கரையோரக் கடலைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மேலிருந்து கீழாகப் பல அடுக்காகப் பிரித்து, கணினிக்குள் ஒரு கடலைச் செய்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நாலு கேள்விகள். பக்கத்திலிருந்து எவ்வளவு சேறு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு கீழே விழுந்தது, அடியிலிருந்து எவ்வளவு கிளம்பியது. விழுவதற்கு ஸ்டோக்ஸ் இருக்கிறார். கிளம்புவதற்கு 1936இல் பெர்லினில் அல்பேட் ஷீல்ட்ஸ் செய்த ஆய்வு இருக்கிறது. அடித்தரையைத் தண்ணீர் எவ்வளவு பலமாக உரசினால் மணல் எழும்பும் என்று கண்டவர் அவர். எழும்பிய துகள் அடியிலிருந்து மேல்வரை எப்படிப் பரந்து நிற்கும் என்பதற்கு அடுத்த ஆண்டு ஹண்டர் ரவுஸ் தந்த சமன்பாடு இருக்கிறது. இவ்வளவையும் சில நிமிட இடைவெளியில், இலட்சக்கணக்கான கட்டங்களுக்கு, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். மனிதன் கணினியை மூச்சுத்திணற வைத்துப் போடும் இந்தக் கணக்கைக் களுத்துறைக் கடல் ஒரு நொடியும் நிற்காமல் போட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆற்றின் பக்கத்திலிருந்து கணினிக்குள் கொடுக்க வேண்டிய எண்களும் சில உண்டு. நீர்ப்பாசனத் திணைக்களம் இரத்தினபுரி, எல்லகாவ, புட்டுபாவுல ஆகிய இடங்களில் களு கங்கையின் நீர்மட்டத்தை அளக்கிறது. களனிக்குக் கித்துல்கல, ஹங்வெல்ல, நாகலகம் வீதி. மட்டத்திலிருந்து நீரின் அளவைப் பெறலாம். சேற்றின் அளவைப் பெறப் போத்தலில் தண்ணீர் அள்ள வேண்டும். அதை முன்பே நிறுத்து வைத்த வடிதாளில் வடித்து, உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும். இரண்டு நிறைக்கும் உள்ள வித்தியாசம் மில்லிகிராமில் வரும். அந்த மில்லிகிராமைத்தான் பிறகு தொன்னாகப் பெருக்குகிறார்கள். தாளில் ஒட்டிய ஒரு தூசி கணக்கில் எவ்வளவு பெரிய மேடாகும் என்று யோசித்தால் ஆய்வுகூடத்து ஆட்களின் பொறுமைக்குத் தலைவணங்கத் தோன்றும். கடல்சார் ஆய்வுக்கான ‘நாரா’ நிறுவனம் மட்டக்குளி காக்கைத்தீவில், களனி முகத்துவாரத்துக்கு அருகிலேயே இருப்பது பொருத்தமான இடம்தான். கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலை மண் அந்த வாசலைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது.

கடல் எவ்வளவு கலங்கியது என்று அளப்பதில் மூத்த கருவி ஒரு வெள்ளைத் தட்டு. 1865இல் அஞ்சலோ செக்கி என்ற இயேசு சபைக் குரு, பாப்பரசரின் படகிலிருந்து அதைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தத் தட்டு பயனில் இருக்கிறது. 1978இல் நாசாவின் நிம்பஸ்-7 செய்மதி கடலின் நிறத்தை அளக்கவென்றே ஒரு கருவியைக் கொண்டுபோனது. இந்தியாவின் ஓசன்சாட் 1999இல் ஏறியது. மோடிஸ் என்ற செய்மதிக் கருவி 705 கிலோமீற்றர் உயரத்திலிருந்து, சிவப்பு ஒளியில், 250 மீற்றர் சதுரம் ஒன்றை ஒரு புள்ளியாகப் பார்க்க அமைக்கப்பட்டது. ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீற்றர் வரை நுணுகிப் பார்க்கிறது. தெளிந்த கடல் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். சேறு இருந்தால் துகள்கள் அதைத் திருப்பி எறியும். திரும்பி வந்த சிவப்பின் அளவே கலங்கலின் அளவு. சொல்லும்போது எளிது. செய்மதிக்கு வந்து சேரும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு கடலைத் தொட்டே இராது. நடுவில் உள்ள காற்றும் தூசியும் சிதறியது அது. அதை முதலில் கழித்தாக வேண்டும்.

கணினி போட்ட படத்தையும் செய்மதி எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் வேலையின் ருசி தொடங்குகிறது. அவை அப்படியே பொருந்துவது அபூர்வம். பொருந்தாத இடமே பாடம் சொல்லும். செய்மதி கலங்கலில் மேல் ஒரு மீற்றரைக்கூடத் தாண்டிப் பார்ப்பதில்லை, கணினியிடமோ அடிவரை கணக்கு உண்டு. ஆகவே மேலடுக்கை மட்டும் பிரித்து, செய்மதி கடந்த அதே மணிக்கு வைத்து ஒப்பிட வேண்டும். களு கங்கையின் கிளையான குக்குலே கங்கை சிங்கராஜ வனத்து நீரைக் கொண்டு வருகிறது. இலைச்சருகு ஊறிய அந்தக் கருந்தேயிலை நிறம் நீல ஒளியை விழுங்கும். சேறு இல்லாமலே தண்ணீர் பழுப்பாகத் தெரியும். இலையின் பழுப்பையும் மண்ணின் பழுப்பையும் வேறு வேறு அலைநீளங்களில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். கணினிப் படத்தில் கலங்கல் நெடுந்தூரம் ஓடி, செய்மதிப் படத்தில் கரைக்குக் கிட்டவே முடிந்துவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது களியின் விழுவேகத்தை. உப்பு செய்த திரளைக் கணக்கு குறைத்து மதித்திருக்கும். அலை பலத்தால் அதே திரள் உடைந்தும் போகும். அப்போது பிழை மறுபக்கம் சாயும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல் மேகம். ஆறு சேற்றை அள்ளிக்கொண்டு வரும் நாட்களில்தான் வானம் மூடியிருக்கும். கடல் அதிகமாகச் சிவக்கும் நேரத்தில் செய்மதிக்குக் கண் கட்டியிருக்கிறது. அந்த நாட்களைக் கணினியின் கணக்குத்தான் நிரப்ப வேண்டும். மேகம் விலகிய முதல் நாள் படம் வந்து அந்தக் கணக்கைச் சோதிக்கும். ஒன்றுக்குக் கண் இல்லை, மற்றதற்கு நம்பகம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வழி தெரிகிறது. வடகடலில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலிருந்து ஜேர்மனிப் பக்கம்வரை குளிர்காலத்தில் நீளும் கலங்கற் பட்டையை இப்படித்தான் பல ஆண்டுகளாகப் பின்தொடர்கிறார்கள். நமக்குக் கிட்ட மியன்மாரின் மார்தபான் வளைகுடா இன்னும் பெரிய விந்தை. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்மதிப் படங்களில் கண்டது இது: பெருவற்றுப் பெருக்கு நாட்களில் 45,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் சேறாகும் கடல், சிறுவற்றுப் பெருக்கில் 15,000க்குச் சுருங்குகிறது. இலங்கையின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக் கடல், பறுவத்துக்கும் அமாவாசைக்கும் கலங்கி, இடையில் பெரும்பகுதி தெளிகிறது. நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையும் எட்டாது. இங்கே அந்த வேலையை மழையும் அலையும் செய்கின்றன.

இந்த வண்டலில் எல்லாமே வணங்கத் தக்கதாக இல்லை. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன் வீடுகளையும் மண் விழுங்கியது. மறு ஆண்டு மே மாத வெள்ளத்தில் இரத்தினபுரியும் களுத்துறையும் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். சரிவில் காடு போய், வடிகால் கெட்டு, சொந்த நிலமில்லாதவர்கள் சொன்ன இடத்தில் குடியிருக்கும் நாட்டில், அதை இயற்கையின் அதிசயம் என்று எழுத என் கை போகாது. நீரின் விதி மாறவில்லை, அதன் வழியில் யாரைக் குடிவைத்தோம் என்பது நம் கணக்கு.

அந்த 2017 வெள்ளத்தில் களுத்துறை கலிடோ கடற்கரையின் மணல்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விட்டார்கள். பிறகு கடல் அந்தக் கரையைத் தின்னத் தொடங்கியது. திட்டு மறுபடி வளர ஆறு மணல் கொடுக்க வேண்டும். ஆற்றுப் படுகையிலோ மணல் அள்ளும் வேலை பல காலமாக நடக்கிறது. செய்மதிக்கு இது தெரியாது. ஒரே எடையுள்ள களியும் மணலும் எடுத்தால், களித்துகள்களின் மொத்த மேற்பரப்பு மணலினுடையதைப்போல் நூறு மடங்கு. ஒளியைத் திருப்பி எறிவது அந்த மேற்பரப்பே. களி படம் முழுக்கச் சிவந்து நிற்கும், கரையைக் காக்கும் மணல் கண்ணில் படாமல் அடியில் நகரும். தென்மேல் பருவ அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். களனி முகத்துவாரத்துக்கு வடக்கே வத்தளை, நீர்கொழும்புப் பக்கக் கரைகள் தேய்வதில் மணல் குறைந்ததற்கும் பங்குண்டு.

கலங்கலுக்கு வெளியே படத்தில் இன்னொன்று தெரியும்: பழுப்பு முடியும் இடத்தில் ஒரு பச்சை ஓரம். மலைப் பாறை மக்கும்போது ஒரு பகுதி களியாகிறது, இன்னொரு பகுதி சிலிக்காவாகத் தண்ணீரில் கரைகிறது. களி கண்ணுக்குத் தெரிந்து வருகிறது, சிலிக்கா தெரியாமல் வருகிறது. களி விழுந்து வெளிச்சம் புகும் இடத்தில் நுண்பாசிகள் அந்தச் சிலிக்காவை எடுத்துத் தமக்குக் கண்ணாடி ஓடு செய்துகொள்கின்றன. மயிரிழையிலும் மெல்லிய ஓடு, அதில் வரிசை தவறாத துளைகள். சிவனொளிபாதமலையின் கல் அந்த ஓட்டில் இருக்கிறது. பாசியை மேயச் சாளையும் நெத்தலியும் வருகின்றன, அவற்றைத் தேடிப் படகுகள் வருகின்றன. எட்டியாந்தோட்டைச் சந்தையில் விற்கும் நெத்தலிக் கருவாட்டில் பெரும்பங்கு இறக்குமதிச் சரக்குத்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேல்கரையில் பிடிபட்டுக் காய்ந்த மீதிக் கொஞ்சம், மலை அனுப்பிய சத்தைத் தின்று வளர்ந்து, லொறியில் மலைக்கே ஏறி வருகிறது. கான் வெட்டிவிட்டு வரும் பெரியவர் அதில் நூறு கிராம் வாங்குகிறார்.